நாலு ஸ்க்ரூ உள்ள காப்பி மெஷின்

எங்கள் வீட்டில் காலைக் காப்பி என் கணவருடைய வேலை. கல்யாணமான முதல் வாரத்திலேயே அது அப்படி அமைந்துவிட்டது. நான் போட்ட காப்பியை மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். நான்காம் நாள் எனக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "நீ போயிக் குளிச்சுட்டு வா. இத நான் பாத்துக்கறன்" என்றார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

அவர் தையல் மெஷின் மெக்கானிக். அவிநாசிபாளையத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குப் பைக்கில் போய் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களைச் சரிசெய்து கொடுப்பார். சில நாள் வெள்ளகோவில் வரைகூடப் போவார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் துணியை உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் ரோட்டு முக்குக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் அரை மணி நேரம் இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடிப்போம். ஒரு நாளில் நாங்கள் நிதானமாகப் பேசிக்கொள்வது அந்த அரை மணி நேரம்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடியில் தாராபுரம் ரோட்டில் அவர் பைக் சறுக்கி விழுந்தார். காற்று ரோட்டு ஓரத்து மணலையெல்லாம் வாரி வளைவில் போட்டிருந்தது. தலையில் அடியில்லை. வலது மணிக்கட்டு மட்டும் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் பழைய பிடி திரும்பவே இல்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துத் திருப்பினால் அது அப்படியே நிற்கும், விரல் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு யூனிட்டில் போய் முயன்று பார்த்துவிட்டு, டூல்ஸ் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். கூப்பிட்டவர்களிடம் வேறு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தார்.

காப்பியை மட்டும் விடவில்லை. இடது கையால் பால் காய்ச்சி, இடது கையால் தூள் போட்டு, சமாளித்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் கொதிக்கிற வெந்நீரைப் பித்தளை பில்டரில் ஊற்றும்போது ஏனம் சாய்ந்து, பாதத்தில் கொட்டிவிட்டது. நான் தலையில் துண்டோடு ஓடிவந்தேன். அவர் காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நாளையிலிருந்து நானே போடறனுங்க" என்றேன்.

அவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். காலில் கொப்புளம் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் போட்டேன். வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் போட்ட காப்பி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். கல்யாணமான புதிதில் மூன்று நாள் குடித்த அதே மாதிரிதான். ஆனால் இந்த முறை நான்காம் நாள் அவரால் எழுந்து போய் அடுப்படியில் நிற்க முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் கம்பெனி மாடியில் சாம்பிள் அறை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். அவர்களுக்காக அங்கே ஒரு காப்பி மெஷின் உண்டு. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் தூள் போடும் கிண்ணம், அதற்குக் கீழே கண்ணாடிக் கூஜா. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். நான் சேர்ந்தே பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாள் தைத்து முடித்த பீஸ்களை எடுத்துக்கொண்டு மேலே போனபோது, அங்கே வேலை செய்யும் அக்கா தண்ணீரை ஒரு சின்ன மக்கால் ஊற்றிவிட்டு, ஒரே ஒரு விரலால் ஸ்விட்சைத் தட்டினார். அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணீரை யாரும் தூக்கவில்லை. நான் பீஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன்.

சாயந்திரம் வேனில் வரும்போது போனில் அதன் விலையைத் தேடிப் பார்த்தேன். அந்த விலைக்கு ஒரு பழைய ஓவர்லாக் மெஷினை டேபிளோடு வாங்கிவிடலாம். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு அதே மாதிரி தோற்றத்தில் இருந்த வேறொன்றை வாங்கினேன்.

அந்த மலிவு மெஷின் மூன்று மாதம் ஓடியது. காப்பி சுமார்தான். ஆனால் அவர் மறுபடி காலையில் எனக்கு முன்னால் எழுந்தார், அது போதுமென்று இருந்தேன். மாசி மாதத்தில் ஒரு நாள் விளக்கு எரிந்தது, தண்ணீர் ஏறவில்லை. மத்தியானம் போன் செய்தார். "இத எப்புடித் தொறக்கறதுன்னே தெரீலியே புள்ள" என்றார். சாயந்திரம் வீட்டுக்குப் போனால் மெஷின் கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு கவ்வவைத்து, அதற்கு மேல் பசையும் போட்டிருந்தார்கள். கத்தியை விட்டு நெம்பியதில் ஓரம் பிளந்திருந்தது.

"இதைத் தொறக்கோணும்னு இதப் பண்ணுனவன் நெனைக்கவே இல்ல" என்றார். மெஷின் போனதைவிட அதுதான் அவரை அதிகம் பாதித்தது. ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பிறகு திடீரென்று, "உங்க கம்பெனி மெஷின நான் ஒருக்காப் பாக்க முடியுங்களா?" என்று கேட்டார். என்னிடம் அவர் மரியாதையாக 'ங்க' போட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கம்பெனியை நினைத்துக்கொண்டே கேட்டதால் வந்திருக்கும்.

மேனேஜரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் கூட்டி வரச் சொன்னார். என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மேலே போனதும் மெஷினைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மேசையில் துண்டை விரித்து, கூஜாவை எடுத்துவிட்டு, என்னை அதைக் கவிழ்க்கச் சொன்னார். வாசலில் இருந்த செக்யூரிட்டி என்ன நடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தார். மெஷினின் அடித்தட்டில் நான்கு மூலையிலும் நான்கு ஸ்க்ரூ இருந்தது. சாதாரணப் பிளஸ் தலை ஸ்க்ரூதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர் இடது கை விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல எப்பவாச்சும் எதாச்சும் மாத்தியிருக்கீங்களா?" என்று அந்த அக்காவைக் கேட்டார்.

"கண்ணாடிக் கூஜா ரெண்டு வாட்டி ஒடைஞ்சுதுங்க. நாந்தானுங்க ஒடைச்சன்" என்றார் அக்கா. "அப்பறம் ஒருக்கா சுச்சுப் போச்சு. ஆபீஸ்ல போன் பண்ணிச் சொன்னாங்க. பார்சல்ல வந்துச்சு. எலக்ட்ரீசியன் வந்து பத்தே நிமிசத்துல மாட்டிட்டுப் போயிட்டாருங்க."

"இத்தன வருசத்துக்கு அப்பறமும் சுச்சு அனுப்பறாங்களா?"

"அனுப்பறாங்களேங்க."

அவர் இன்னும் பத்து நிமிஷம் பார்த்தார். தொட்டியிலிருந்து தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, சூடு எங்கே ஏறுகிறது, வெந்நீர் எப்படி மேலே வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கேட்ட கேள்விக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "வாங்கலாம்" என்றார். பல்லடம் ரோடு தாண்டிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

"காப்பி குடிச்சுப் பாக்கவே இல்லியேங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தார். கையில் கட்டுப் போட்ட நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

தீபாவளி போனஸ் தொடாமல் இருந்தது. பங்குனியில் மெஷின் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் அதைக் கவிழ்த்து நான்கு ஸ்க்ரூவும் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

முதல் காப்பி படுமோசமாக இருந்தது. எங்கள் வழக்கமான தூளைப் போட்டோம். பால் விட்டதும் நிறமே காணாமல் போய், டம்ளரில் எதையோ கழுவி ஊற்றியது மாதிரி இருந்தது. மறுநாள் தூளை இரண்டு மடங்காகப் போட்டார். தூள் ஊறி, காகித வடிகட்டி அடைத்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து காப்பி வழிந்து மேடையெல்லாம் ஓடியது. நான் துடைத்துக்கொண்டே மனசுக்குள் விலையை நினைத்தேன். அவரோ வழிந்த தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைசு. நெம்ப நைசு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் போய் எங்கள் காப்பித்தூள் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் எங்களுக்கு வருஷக்கணக்காகத் தெரிந்தவர். "மெஷினுக்குங்களா? அப்ப ரவையாட்ட அரைக்கோணுமுங்க. சிக்கரியும் போடாதீங்க, அதுதான் ஊறி அடைச்சுக்கும்" என்றார்.

"சிக்கரி இல்லாமக் குடிச்சா எப்புடீங்க இருக்கும்?" என்று கேட்டார் இவர்.

"நீங்க குடிச்சுப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. நானும் குடிச்சதில்லீங்க" என்றார் கடைக்காரர்.

அங்கிருந்து தொடங்கியது. மூன்று விதமாக அரைத்து மூன்று பொட்டலம் வாங்கி வந்தோம். சிக்கரி இல்லாதது, கொஞ்சம் போட்டது, பாதிக்குப் பாதி. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அவர் இடது கையால் கோணல்மாணலாக எழுதினார். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. எங்கள் முன் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் பெண்ணும் இதில் சேர்ந்துகொண்டாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவனோடு வேலைக்கு வந்தவள். பக்கத்து யூனிட்டில் ஓவர்லாக் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் நேராக எங்கள் அடுப்படிக்குத்தான் வருவாள். "இன்னைக்கு என்ன காப்பி எக்கா?" என்று கேட்பாள், கறி என்ன என்று கேட்கிற மாதிரி.

காகித வடிகட்டி தீர்ந்துகொண்டே வந்தது. நூறு காகிதம் கொண்ட கட்டு வாங்கினால் ஒன்றரை மாதத்துக்கு வரும். ஆனால் இவருக்கு அது பிடிக்கவில்லை. திருப்பூரில் இருந்துகொண்டு வடிகட்டத் துணி இல்லையென்றால் எப்படி என்றார். நான் கம்பெனியிலிருந்து சாயம் போடாத வெட்டுத் துணி கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன். முதலில் சிங்கிள் ஜெர்சி, பனியன் தைக்கும் மெல்லிய துணி. தூளெல்லாம் கீழே இறங்கிவிட்டது. பிறகு இன்டர்லாக், அது கெட்டியான துணி. மூன்று தடவை கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, வட்டமாக வெட்டி வைத்தேன். காப்பி அழகாக வடிந்து வந்தது. மூவரும் டம்ளரை எடுத்தோம்.

முன் வீட்டுப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, எங்களைப் புண்படுத்தக் கூடாதே என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். "எக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா பனியன் வாட அடிக்கு" என்றாள்.

உண்மைதான். நூலில் இருக்கும் மெழுகும் எண்ணெயும் எத்தனை கொதிக்கவைத்தும் போகவில்லை. நாள் முழுக்க அந்த வாடையிலேயே இருக்கிற எனக்கு அது தெரியவில்லை. அவளும் அதே துணியில்தான் வேலை செய்கிறாள், ஆனால் அவள் மூக்கு இன்னும் தப்பித்திருக்கிறது. காகிதத்துக்கே திரும்பினோம்.

மெஷினின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்னப் பிடி இருந்தது. அதைத் தள்ளினால் சொட்டு நிற்கும். கூஜாவை நடுவில் எடுக்கும்போது கீழே சிந்தாமல் இருப்பதற்காக வைத்தது. அவர் அதற்கு வேறு ஒரு பயனைக் கண்டுபிடித்தார். பாதித் தண்ணீர் ஊற்றி, ரவை மாதிரி அரைத்த தூளில் கொஞ்சமாகச் சிக்கரி கலந்து போட்டு, பிடியைத் தள்ளிச் சொட்டை நிறுத்தினார். தூளும் வெந்நீரும் ஐந்து நிமிஷம் ஒன்றாக ஊறின. பிறகு பிடியைத் திறந்தார். கறுப்பாக, கெட்டியாக, மெதுவாக டிகாஷன் இறங்கியது. அந்த நாளில் நான் வேனைத் தவறவிட்டேன். இரண்டாவது டம்ளர் குடித்ததால்தான்.

பித்தளை பில்டர் காப்பிக்கு அது ஈடா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் போட்டு, எது எதென்று சொல்லாமல் அவருக்குக் கொடுத்தேன். அவர் மெஷின் காப்பியைப் பில்டர் காப்பி என்றார். முன் வீட்டுப் பெண் சரியாகச் சொன்னாள். பிறகு நாங்கள் டம்ளர்களை இடம் மாற்றி அவளை மறுபடி கேட்டபோது அவளும் தவறிவிட்டாள். ஆக, எங்களில் யாருடைய நாக்கையும் நம்பி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

போன சித்திரையில் குடிதண்ணீர் வரவில்லை. வழக்கமாகப் பத்து நாளைக்கு ஒரு முறை குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வோம். ஏதோ பைப் உடைந்துவிட்டதென்று மூன்று வாரம் வரவில்லை. கேன் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, காப்பிக்குப் போர்வெல் தண்ணீரை ஊற்றினோம். எங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டதென்றால், வாளியில் பிடித்து வைத்தால் காலையில் ஓரத்தில் வெள்ளையாக வளையம் கட்டியிருக்கும். மூன்றாவது வாரம் மெஷின் உறுமியது, முனகியது, பிறகு நின்றுவிட்டது.

அன்றைக்கு எனக்கு விடுமுறை. அவர் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து டூல்ஸ் பெட்டியைக் காலால் இழுத்துக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் தூசு ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. அதைத் துடைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நானா?" என்றேன்.

"உன்ற கையி, என்ற கண்ணு" என்றார்.

மெஷினைக் கவிழ்த்துத் துண்டின் மேல் வைத்தேன். முதல் ஸ்க்ரூவைத் திருப்பும்போது வழுக்கியது. "அழுத்து. முதல்ல அழுத்தோணும், அப்பறந்தான் திருப்போணும்" என்றார். அழுத்தினேன். கடக்கென்று ஒரு சத்தத்தோடு இளகியது. கழற்றின ஸ்க்ரூக்களை அவர் ஒரு தட்டில், எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலையிலேயே வைக்கச் சொன்னார். அடித்தட்டை எடுத்ததும் உள்ளே எல்லாம் தெரிந்தது. வயர்கள், ஒரு வளைந்த குழாய், குழாயின் வாயில் வளையம் மாதிரி ஒரு சின்ன ரப்பர் பூண். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அவருக்கு அப்படி இல்லை. "பாரு, ஒண்ணொண்ணும் தனித்தனியாக் கழலும்" என்று காட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை படிந்து, பென்சில் முனைகூட நுழையாத அளவுக்குத் துவாரம் சுருங்கியிருந்தது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் சின்னக் குண்டு அந்த உப்பிலேயே ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி வெந்நீரில் கரைத்து ஊறப்போட்டோம். நுரை பொங்கிப் பொங்கி வந்தது. இரண்டு மணி நேரத்தில் குழாய் சுத்தமாகிவிட்டது, குண்டும் உருண்டது. ஆனால் கழற்றும்போது நான் அவசரப்பட்டதில் ரப்பர் பூண் கிழிந்துவிட்டது.

அதற்குள் முன் வீட்டுப் பெண் வந்து எங்களுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, எங்க மெஷின் எண்ணெய்ப் பம்ப்புல இதே மாதிரி ரப்பர் இருக்குல்லா? ஒண்ணு கேட்டு வாங்கியாரட்டா?" என்றாள்.

"அளவு சரியாத்தான் இருக்கும் கண்ணு. ஆனா அது எண்ணெய்ல கெடக்கற ரப்பரு. வாயில போற தண்ணிக்கு ஆவாது" என்றார் அவர். மெஷின் வாங்கிய இடத்துக்கு நான் போன் செய்தேன். பூணின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் ஒரு சின்னக் கவரில் இரண்டு பூண் வந்தது. ஒன்று கேட்டதற்கு இரண்டு. நான்தான் மாட்டினேன். நான்கு ஸ்க்ரூவையும் முறுக்கி, நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சை அவரைப் போடச் சொன்னேன். தண்ணீர் ஏறியது. அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து உள்ளே வைத்தார். டூல்ஸ் பெட்டியை மூடினார், ஆனால் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை. அது அடுப்படி மூலையிலேயே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் முன் வீட்டுப் பெண் யூனிட்டிலிருந்து அவருக்கு வீடியோ கால் செய்திருக்கிறாள். அவள் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்ததாம். மெக்கானிக் வர சாயந்திரமாகும் என்றார்களாம். "அண்ணே, அன்னைக்கு அக்காவுக்குச் சொன்னிய பாத்தியளா, அதே மாதிரி எனக்கும் சொல்லுங்க. நான் செய்யுதேன்" என்றிருக்கிறாள். அவர் போனில் பார்த்தபடியே ஊசியை இறக்கச் சொல்லி, ஊசிக்குக் கீழே நூலைக் கொக்கி போட்டு வாங்கும் லூப்பர் எங்கே நிற்கிறது என்று காட்டச் சொல்லி, ஒரு நூல் அளவுக்கு முன்னால் தள்ளச் சொல்லியிருக்கிறார். கால் மணி நேரத்தில் மெஷின் ஓடியது. சாயந்திரம் நான் வந்தபோது இருவரும் மாற்றி மாற்றி எனக்கு இதைச் சொன்னார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்த யூனிட் முதலாளியே கூப்பிட்டார். இப்போது தினமும் நான்கைந்து பேர் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் டெய்லர் பெண்கள்தான். மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அவர் சொல்கிற ஸ்க்ரூவை அவர்களே திருப்புகிறார்கள். போனில் முடியாத வேலைக்கு அவர் பஸ்ஸில் போகிறார். அங்கேயும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத்தான் செய்கிறார். தொடங்கிய காலத்தில் அவருக்குச் சரளமாகச் சொல்ல வரவில்லை. முப்பது வருஷம் கை செய்த வேலைக்கு அவரிடம் வார்த்தையே இருக்கவில்லை. "அத அக்கட்டத் தள்ளு, இல்ல, இக்கட்ட" என்று தடுமாறுவார். ஹிந்தி பேசுகிற டெய்லர்களுக்குச் சொல்ல நான்கைந்து வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் ஹிந்தியில் 'மெதுவாக' என்று சொல்வதைக் கேட்டு முன் வீட்டுப் பெண் சிரிப்பாள்.

இந்த வருஷம் எங்கள் செக்கிங் பிரிவில் என் மேசைக்கு எதிரே உட்காருகிற ஒருவர், மூலனூர்க்காரர், அதே மெஷினை வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். அவர் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போய்விட்டாள், முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டுமென்று பிடிவாதமாக இருக்கிறாளாம். "அத்தன வெல போட்டு வாங்கறதுக்கு அதுல அப்புடி என்னுங்க இருக்குது?" என்றார்.

நான் நெடுநேரம் யோசித்தேன். நீடித்து உழைக்குமா என்றால் உழைக்கும், உப்புத் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால். உதிரி கிடைக்குமா என்றால் கிடைக்கும். காப்பி நன்றாக இருக்குமா என்றால், நாங்கள் அதை நன்றாக வரவைப்பதற்கு ஒன்றரை மாதம் ஆனது. காலையில் ஸ்விட்சைப் போட்டோமா, குடித்தோமா என்று இருக்க நினைப்பவருக்கு நாங்கள் பட்ட பாடு எதற்கு? எங்கள் வீட்டில் ஒரு கை விழுந்துபோயிருந்தது, அதனால் அந்த மெஷின் எங்களுக்கு வேண்டியிருந்தது. அது இல்லாத வீட்டுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விலையில் பாதிக்கு இவ்வளவே உழைக்கும் வேறொன்று எங்கேயாவது இருக்கலாம். நாங்கள் தேடிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. குடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். என் கணவர் இடது கையால் தண்ணீர் ஊற்றி, தூள் போட்டு, பிடியைத் தள்ளி நிறுத்தி, ஐந்து நிமிஷம் காத்திருந்து, திறந்துவிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். மகள் அடித்தட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். கவிழ்த்துக் காட்டினார். அவள் அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் கவனமெல்லாம் மேடையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த எங்கள் பித்தளை பில்டர் மேல் இருந்தது. காப்பியை இரண்டு டம்ளர் ரசித்துக் குடித்தார். அருமை என்றார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பித்தள பில்டர் எங்கீங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் நான் சொன்ன அதே கடைக்குப் போய், அதே அளவில் ஒன்று வாங்கிவிட்டார். மகளுடைய சம்பளத்தில்தான். வேலைக்கு வந்ததும் என்னிடம் போனில் படம் எடுத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது. அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, காலையில் ஓட வேண்டிய வேனும் இல்லை, வண்டியில்தான் வருகிறார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மூடி நசுங்காமல் இருக்க, தட்டாமல் அழுத்தி மூடும்படி மட்டும் சொன்னேன்.